றமீஸின் கிண்ணத்தில் பிடிவிடாத கலங்கள்

போன கிழமை தர்ஷினி என்ற பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். வந்தாறுமூலையில் நான் வேலை செய்த அதே ஆய்வுகூடத்தில் இப்போது அவள் தொழில்நுட்ப அலுவலர். றமீஸ் ஓய்வு பெறுகிறானாம், அவனுக்கு ஒரு மலர் போடுகிறார்களாம், அதில் நான் எழுத வேண்டுமாம்.

"றமீஸ் நானாட்டக் கேட்டம் ஐயா. 'என்னைப்பத்தி எழுதிறதெண்டா மணியண்ணனிட்டக் கேளுங்க, அவருக்குத் தெரியாத ஒண்டும் என்னட்ட இல்ல' எண்டு சொல்லிற்றார்" என்றாள்.

நான் ஓய்வு பெற்றபோது மலர் போடவில்லை. ஒரு சுவர்க்கடிகாரம் தந்தார்கள். அது இன்றைக்கும் ஓடுகிறது, அதில் குறை சொல்ல ஏலாது. ஆனால் மலர் மலர்தானே. சரி, எழுதுகிறேன் என்றேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று அந்தப் பிள்ளை இன்னொன்றும் சொன்னாள். அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைச் சொன்ன நேரத்திலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

என் பெயர் மாசிலாமணி. பிறந்தது வெல்லாவெளி, கலியாணம் முடித்துக் குடியிருப்பது செங்கலடி. பல்கலைக்கழக வளாகத்தில் விலங்கறைத் தொழிலாளியாகச் சேர்ந்தவன். எலிக்கூடு கழுவினேன், முயலுக்குப் புல் வெட்டினேன், பக்கத்து மண்டபத்தில் நடக்கும் விரிவுரையை யன்னலடியில் நின்று கேட்டேன். விளங்காத சொல்லை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய் நூலகத்தில் தேடினேன். என் படிப்பு அவ்வளவுதான். செலின் மெடம் வெளிநாட்டில் படித்து முடித்து வந்து ஆய்வுகூடம் தொடங்கியபோது, கடி வாங்காமல் எலி தூக்கத் தெரிந்தவர் யார் என்று கேட்டார். நான் தூக்கிக் காட்டினேன். அன்றைக்கு உள்ளே போனவன் ஓய்வு பெறும்வரை வெளியே வரவில்லை.

மெடம் புளியந்தீவுக்காரர். குரல் உயர்த்த மாட்டார். நாங்கள் எதையாவது சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, "எப்பிடித் தெரியும்?" என்று கேட்பார். தண்ணீர் கொதித்துவிட்டது என்றாலும் அதே கேள்வி. நாளைக்கு விடுமுறை என்று சொல்ல வந்த காரியாலயப் பையனிடமும் அதே கேள்வி, அவன் பாவம் திரும்பிப் போய்ச் சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தான். இந்த நோய் என் வீட்டுக்கும் தொற்றியது. எனக்குப் பசியில்லை என்று சொன்னால் என் மனைவி புவனம், "எப்பிடித் தெரியும்?" என்பாள்.

அவர் தேடியது என்னவென்று எனக்கு விளங்கிய மாதிரிச் சொல்கிறேன். மூளைக்குள் ஒரு நரம்புக் கலம் அடுத்த கலத்துக்குச் சேதி கொடுக்கிற இடத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்பதில்லை. நடுவில் ஒரு வெளி இருக்கிறது. வாவித் துறையில் தோணி வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோணி துறையோடு ஒட்டிப்போவதில்லை, கயிறுதான் அதைப் பிடித்து வைத்திருக்கும். இடையில் தண்ணீர் தெரியும், அதற்கு மேலால் நெல்மூட்டை கைமாறும். கயிறு அவிழ்ந்தால் மூட்டை தண்ணீருக்குள். மூளைக்குள் அந்தக் கயிற்று வேலையைச் செய்வது சில புரதங்கள். இந்தக் கலத்திலிருந்து ஒன்று நீளும், அந்தக் கலத்திலிருந்து ஒன்று நீளும், நடுவெளியில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதில் கட்ஹெரின் என்று ஒரு சாதி, தன் இனத்தைத் தானே தேடிப் பிடிக்கிற சாதி. அது விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் சுற்றிலும் கல்சியம் வேண்டும். கல்சியத்தை எடுத்துவிட்டால் துவண்டு பிடியை விட்டுவிடும்.

இதைப் பார்க்கப் பெரிய இயந்திரம் எங்களிடம் இல்லை. கோழிமுட்டை இருந்தது. அடைகாத்த முட்டையை உடைத்து, குஞ்சாக உருவாகிக்கொண்டிருக்கிற கருவின் மூளையை எடுத்து, மருந்தில் ஊறவைத்து, கண்ணாடிக் குழாயால் மெல்ல மெல்ல இழுத்து விட்டால் கலங்கள் தனித்தனியாகும். அதைச் சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றுவோம். ஒரு வரிசைக் கிண்ணங்களில் கல்சியம் சேர்ந்த உப்புநீர், மற்ற வரிசையில் கல்சியம் இல்லாதது. ஆட்டும் மேசையில் வைத்து மெதுவாக ஆட்டிவிட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். கல்சியம் உள்ள கிண்ணத்தில் கலங்கள் பிட்டுக்குக் குழைத்த மா போலக் கட்டி கட்டியாகச் சேர்ந்திருக்கும். இல்லாத கிண்ணத்தில் வறுத்த மா போல உதிர்ந்து கிடக்கும்.

முட்டை கொண்டு வருவது என் பொறுப்பு. வெல்லாவெளியில் கண்ணம்மை மச்சாள் இருந்தா, என் மனைவியின் தமையன் பெண்சாதி. வீடு நிறையக் கோழி. உமி போட்ட பெட்டியில் முட்டைகளைப் புதைத்து, குலுங்காமல் மடியில் வைத்துக்கொண்டு, வாவியைக் கடந்து, வீதித் தடைகளையும் கடந்து வர வேண்டும். ஒருமுறை ஓர் இராணுவத்தான் முட்டையை வெயிலுக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, அரைகுறைத் தமிழில் இது எதற்கு என்று கேட்டான். கம்பஸுக்கு, மூளை எடுக்க என்றேன். அவன் மற்றவனைப் பார்த்து, "கம்பஸ்ல மூளை இல்லையாம்" என்றான். எல்லோரும் சிரித்து என்னைப் போகவிட்டார்கள். இதை மெடத்திடம் சொன்னபோது அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு மாதம் போதுமாயிருந்தது.

நுணுக்குக்காட்டிக்கு முன்னால் ஒரு சுழல்கதிரை உண்டு. அதில் இருந்து முதலில் பார்த்துவிட்டு, "மெடம், வந்து பாருங்க" என்று கூப்பிடுவது நான். அந்தக் கதிரைக்கு ஏற்ற பதவி தொழில்நுட்ப அலுவலர். நான் அப்போதும் உதவியாளர்தான். வெற்றிடம் வந்தால் உங்களுக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் என்றால் புவனமும் காரியாலயப் பையனும்.

பாதை திறந்து சண்டை ஓய்ந்திருந்த காலத்தில்தான் றமீஸ் வந்து சேர்ந்தான். ஏறாவூர்ப் பொடியன், என்னை விட மிகவும் இளையவன். வாப்பா தறி நெய்தவர். அறுந்த நூலைத் தேடி முடிச்சுப் போடுவதுதான் சின்ன வயதில் அவனுடைய வேலையாம். அந்தக் கையோடு வந்து கண்ணாடிக் குழாயைப் பிடித்தான். நான் இழுத்து விட்டால் இரண்டு மூன்று குமிழியாவது வரும், குமிழி வந்தால் கலம் சாகும். அவன் இழுத்தால் ஒன்றும் வராது. பெருவிரல் அசைவதே தெரியாது. மெடம் அவனுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. நான் போய், கழுவி வைத்த கிண்ணங்களைத் திரும்பக் கழுவினேன்.

பிறகு எல்லாம் மெல்ல மெல்ல நடந்தது. அவன் கிண்ணங்களுக்கு மெடம் தன் கையாலேயே அடையாளம் எழுதினார். மாணவர்கள் அவனை றமீஸ் சேர் என்றார்கள், என்னை மணியண்ணன் என்றார்கள். ஒருநாள் நான் முட்டையோடு வந்து சேர்ந்தபோது கதிரையில் அவன் இருந்தான். என்னைக் கண்டதும் எழும்பினான். எழும்பாமல் இருந்திருந்தால் கோபிக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவன் போட்ட தேத்தண்ணீர்கூட என்னுடையதை விட நல்லாயிருந்தது. வீட்டில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சாப்பிடுவேன். "றமீஸைத் தொட்டுக்கொள்ளாம உங்களுக்குச் சோறு இறங்காது" என்பாள் புவனம்.

நான் வெற்றிலை போடுகிறவன். மெடத்தின் சட்டம் ஒன்று இருந்தது: வெற்றிலை போடுகிறவர்கள் வெற்றிலைச் சாமானை வெளி விறாந்தையில் விட்டுவிட்டு, தேசிக்காய்ப் பாதியும் பிரஷும் போட்டு விரல்களை உரசிக் கழுவிய பிறகுதான் உள்ளே வர வேண்டும். சுண்ணாம்பு என்றால் கல்சியம்தானே. ஒவ்வொரு நாளும் நான் குழாயடியில் நின்று கல்யாண மாப்பிள்ளை போலக் கையை உரசிக்கொண்டிருப்பேன். வெற்றிலையைத் தொடாத றமீஸ் என்னைத் தாண்டி நேரே உள்ளே போவான். கையுறை அரிதாகக் கிடைத்த காலம், மருந்துச் சாமானுக்கு மட்டுந்தான் போடுவோம்.

நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் கடல் ஊருக்குள் வந்தது. றமீஸின் மனைவி ஸரீனா காத்தான்குடிக் கடற்கரையில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவும் இல்லை, வீடும் இல்லை, ஸரீனாவும் இல்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கவில்லை.

மெடம் ஏறாவூருக்குப் போய் அவன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் பொழுது சாயும்வரை இருந்தார். வளாகத்தில் பாதிப்பேர் அங்கே போனார்கள், நானும் போனேன். றமீஸ் ஒவ்வொருவருடைய கையையும் பிடித்தான், விட்டான். என் வீடு செங்கலடியில் ஓடு கழலாமல் நின்றது, என் ஆட்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். என்னைப் பார்க்க வருவதற்கு யாருக்கும் ஒரு காரணமும் இல்லை. மெடம் அந்தக் கதிரையில் இருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடத்தில் எனக்கு வந்த நினைப்பை இங்கே எழுதத் தேவையில்லை. இதுவரை வாசித்தவர்களுக்கு அது தெரியும்.

அவன் திரும்பி வேலைக்கு வந்த பிறகுதான் அந்த விநோதம் தொடங்கியது. கல்சியம் இல்லாத கிண்ணங்களில் கலங்கள் பிடியை விடவில்லை. அவன் கிண்ணங்களில் மட்டும். உதிர்ந்து கிடக்க வேண்டிய இடத்தில் கட்டி கட்டியாக நின்றன. என் கிண்ணங்களில் வழமைபோல உதிர்ந்து கிடந்தன. மெடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார். திரும்பச் செய்யச் சொன்னார். திரும்பவும் அதே மாதிரி. தானே இருந்து செய்து பார்த்தார், கட்டியாகத்தான் வந்தது. கிண்ணங்களைக் கழுவிக் காயவைத்துக் கொடுத்தது றமீஸ். அதை அப்போது யார் யோசித்தார்கள்?

மிச்சமிருக்கிற கல்சியத்தையும் பிடித்து மடக்கி வைக்கிற ஒரு மருந்து உண்டு. அதைச் சேர்த்திருந்தால் ஒரே நாளில் விளங்கியிருக்கும். கொழும்பிலிருந்து அது வரவில்லை. திரும்பவும் சண்டை தொடங்கியிருந்த நேரம், வெள்ளைத் தூள் போத்தல் என்றாலே வீதித் தடையில் இறக்கி வைத்துவிடுவார்கள்.

கல்சியத்தின் தயவில்லாமல் பிடிக்கிற வேறொரு புரதம் இதில் நிற்கிறதோ என்று மெடம் நினைக்கத் தொடங்கினார். அப்படியும் சில உண்டு, ஆனால் இவ்வளவு உறுதியாகப் பிடிப்பது புதுசு. கொழும்பில் ஒரு கூட்டத்தில் இதைப் பேசுவதாக ஒப்புக்கொண்டார். அதே நேரத்தில்தான் தொழில்நுட்ப அலுவலர் வெற்றிடத்துக்கு விண்ணப்பம் கோரினார்கள். இடம் ஒன்று, விண்ணப்பித்தவர்கள் நாங்கள் இரண்டு பேரும். ஒருவருடைய கிண்ணத்தில் அதிசயம் நடக்கிறது, மற்றவருடைய கிண்ணத்தில் நடக்கவில்லை. நான் மெடத்திடம் போய், என் கிண்ணங்களில் உதிர்கிறதே, அதுவும் கணக்கில்லையா என்று கேட்டேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்.

"மாசிலாமணி, உங்கட கையில கலங்கள் செத்துக்கொண்டு இருக்கோ தெரியல்ல. செத்த கலம் ஒண்டையும் பிடிக்காது."

என் கதிரை போனது அந்த வசனத்தில்தான். அன்றைக்குச் சாப்பிடும்போது றமீஸைத் தொட்டுக்கொள்ளவில்லை, ஒன்றையும் தொடவில்லை.

அவன் எங்கே போகிறான், யாரோடு கதைக்கிறான், என்ன தின்கிறான் என்று பார்ப்பது எனக்கு இன்னொரு வேலையாகவே ஆகிப்போனது. சம்பளம் இல்லாத வேலை, ஆனால் லீவு போடாமல் செய்தேன். அவன் கண்ணாடிக் குழாயைப் பிடிக்கும்போது எந்தப் பக்கம் தலை சாயும் என்று தெரியும். காய்ந்த கிண்ணத்தின் உள்விளிம்பில் ஒரு விரலை ஒருதரம் சுற்றி ஓட்டி ஈரம் பார்ப்பான் என்றும் தெரியும். நூலைத் தடவிப் பழகிய கை, கண்ணை நம்பாது. பின்னேரத் தேத்தண்ணீருக்குப் பிறகு விலங்கறைக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடிக்குப் போய் வருவான் என்பதும் தெரியும். ஒருநாள் நானும் பின்னால் போனேன்.

மடியில் ஒரு சின்ன டப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளங்கைத் தண்ணீரில் ஒரு சொட்டை அதற்குள் விட்டு, சுட்டுவிரலால் குழைத்துக்கொண்டிருந்தான். வெள்ளைச் சுண்ணாம்பு.

"என்ன றமீஸ், களவா வெத்திலை போடுறியோ? மெடத்துக்குத் தெரிஞ்சா நீயும் என்னைப் போலக் குழாயடியில நிண்டு உரசோணும்" என்றேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவன் சிரிக்கவில்லை. "வெத்திலை இல்லண்ணே."

"அப்ப சுண்ணாம்ப மட்டும் தின்னுறியோ?"

"இது ஸரீனாட. அக்கா வீட்ட போக்குள்ள மறந்து வெச்சிட்டுப் போயிட்டா. பஸ் ஏறினாப் பொறகு போன் எடுத்தா, 'டப்பிய மூடி வைங்க, காஞ்சிரும்' எண்டு." விரலால் குழைத்துக்கொண்டேயிருந்தான். "ஒவ்வொரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணி விடுறன். விடாட்டிக் கல்லாப் போயிரும் அண்ணே."

சுண்ணாம்பு என்ற சொல் எனக்குள் அதற்கு முன்பே கல்சியமாகிவிட்டிருந்தது. மெடத்தின் கதவில் தட்டி, உள்ளே போய், அவர் கண்ணாடியைக் கழற்றும்வரை காத்திருந்து சொல்ல வேண்டிய வசனத்தைக்கூட மனதுக்குள் கோத்துவிட்டேன். இப்போது நடுவில் ஸரீனா வந்து நின்றாள். நான் அவன் விரலைப் பார்த்தேன். அவன் நான் பார்க்கிற இடத்தைப் பார்த்தான். கெட்டிக்காரன்தானே. முகம் மாறிப்போனது. அந்த விரல் வேறு யாருடையதோ என்பது போலப் பார்த்தான்.

"அண்ணே, கிண்ணம்" என்றான்.

அவ்வளவுதான். டப்பியை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மெடத்தின் அறையை நோக்கி நடந்தான். நான் பின்னால் ஓடினேன். அவனைத் தடுக்க ஓடவில்லை. கண்டுபிடித்தவன் நான், சொல்லப் போகிறவன் அவன். சொல்கிற நேரத்தில் அங்கே நிற்கவாவது வேண்டாமா?

அவன் ஒளிக்காமல் சொன்னான், டப்பி யாருடையது என்பதைத் தவிர. மெடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். இந்த முறை நெடுநேரம் அதைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"எப்பிடித் தெரியும்?"

"மணியண்ணன் என்ட விரலப் பாத்தவர் மெடம்."

மெடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னத்துக்கு மாசிலாமணி அவர்ட விரலைப் பாத்தீங்க?"

எத்தனையோ வருசமாக அவர் கேட்ட கேள்விகளில் நான் பொய் சொன்னது இதற்கு மட்டுந்தான். சும்மா பார்த்தேன் மெடம் என்றேன்.

அடுத்த நாள் காலையில் றமீஸ் என்னோடு குழாயடியில் நின்று தேசிக்காய் போட்டுக் கை உரசினான். கிண்ணங்களைப் புதிதாகக் கழுவி, வடித்த நீரில் அலசி, இருவரும் ஒன்றாகச் செய்தோம். அவன் கிண்ணங்களில் கலங்கள் உதிர்ந்து கிடந்தன. என் கிண்ணங்களிலும் உதிர்ந்து கிடந்தன. பிறகு மெடம் சொன்னபடி அவன் டப்பியைத் தொட்ட விரலால் ஒரு கிண்ணத்தின் உள்விளிம்பை ஒருதரம் சுற்றினான். அதில் கட்டி கட்டியாகச் சேர்ந்தன. மெடம் என்னைச் சுழல்கதிரையில் இருக்கச் சொல்லி முதலில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். உதிர்ந்தது பக்கத்துக் கிண்ணம், சேர்ந்தது இது, நடுவில் ஒரு விரல் சுண்ணாம்பு. "மெடம், வந்து பாருங்க" என்றேன். குரல் கொஞ்சம் உரத்துத்தான் வந்தது.

கொழும்புக் கூட்டத்தில் பேசவில்லை என்று மெடம் அன்றைக்கே அறிவித்துவிட்டார். றமீஸை ஒரு வார்த்தை ஏசவில்லை. கிண்ணம் காய்ந்ததா என்று இனி விரலால் பார்க்கக் கூடாது, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் மட்டும் புதிதாக வந்தது.

இனிப் பதவி எனக்குத்தான் என்று நான் நினைத்திருந்தால் அதில் பிழை இருக்கிறதா? என் கை சாகடிக்கிற கை இல்லை என்று தெரிந்துவிட்டது. பிழை வந்த கிண்ணம் அவனுடையது. நேர்முகம் நடந்தது, பதவி றமீஸுக்குப் போனது. மெடம் என்னைக் கூப்பிட்டுத் தானே சொன்னார். அவனுடைய கை வேலை ஒரு பக்கம். மற்றப் பக்கம், தன் வேலையில் உள்ள பிழையைத் தானே தூக்கிக்கொண்டு வருகிறவனைக் கதிரையில் வைத்தால் இரவில் நிம்மதியாகப் படுக்கலாம் என்றார்.

"நான்தான் மெடம் அதைக் கண்டது" என்றேன்.

"ஓம். அது எனக்குத் தெரியும்" என்றார். எப்படித் தெரியும் என்று அன்றைக்கு மட்டும் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

என்னைத் தின்றது இதுதான். அவன் குற்றவாளி என்று நான் கையும் களவுமாகப் பிடித்தேன், அவன் அதையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்த் தன் நல்ல பேராக ஆக்கிவிட்டான். வேண்டுமென்று செய்தானா? இல்லை. அதுதான் இன்னும் தாங்க முடியாதது.

டப்பியை உள்ளே கொண்டு வரக் கூடாது என்றாகிவிட்டது. வீட்டில் வைத்துவிட்டு வரவும் அவனுக்கு மனமில்லை. மறுநாள் காலையில் விறாந்தையில் என் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, இத வெச்சிரிங்க. பின்னேரம் வாங்கிறன்."

வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவ மௌத்தான பொறகு என்ன இவ்வளவு கவனிச்சுப் பாத்த ஆள் நீங்கதானே" என்றான். குத்தலாகச் சொன்னானா, நன்றியாகச் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வாங்கித் தட்டில் வைத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் தருவான், என் கண்ணுக்கு முன்னால் கை உரசுவான், உள்ளே போய் என் கதிரையில் இருப்பான், பின்னேரம் வாங்குவான்.

வெல்லாவெளி இருக்கிற படுவான்கரையில் சண்டை மூண்டபோது முட்டை வரத்து நின்றது. கண்ணம்மை மச்சாள் ஒரு உடுப்புப் பையோடு செங்கலடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தா. கோழியெல்லாம் எங்கே என்று கேட்டோம். "கூட்டைத் திறந்து உட்டுட்டு வந்தன். அதுகளுக்குப் பாஸ் தேவையில்லத்தானே" என்றா. அவவின் மகன் வன்னிப் பக்கம் போய் வருசக்கணக்காகிறது. அவனைப் பற்றி எங்களிடம் அவ வாய் திறந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று வளாகத்தில் எல்லோரையும் நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள், லொறியில் கொடி பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஒழுங்கையில் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. வீட்டுக்கு வந்து வெற்றிலைத் தட்டை இறக்கி வைத்த பிறகுதான் பார்த்தேன், அவசரத்தில் டப்பியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. திறந்தேன். ஓரம் காயத் தொடங்கியிருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தட்டிலேயே வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் சைக்கிள் மணி கேட்டது. அந்த வீதியால், அந்த வெடிச் சத்தத்துக்குள்ளால் றமீஸ் வந்து நின்றான். எதற்கு வந்தான் என்று நான் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டேன். மச்சாள் கூடத்தில் சுவரோடு சாய்ந்து இருந்தா. யாரோடும் பேசாமல் தட்டை இழுத்து ஒரு வெற்றிலையை எடுத்தா. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஈரமாகத் தெரிந்த அந்த டப்பிக்குள் விரலை விட்டு, பெரிசாக ஒரு விரல் சுண்ணாம்பு எடுத்து வெற்றிலையில் தடவினா.

நான் வாய் திறக்க முதல் றமீஸ் கையைக் காட்டி என்னை நிறுத்தினான். "எடுங்க உம்மா. இன்னும் வேணுமெண்டா எடுங்க" என்றான்.

மச்சாள் அவனைப் பார்த்தா. பிறகு, வெற்றிலையை வாயில் போடாமல் கையில் வைத்துக்கொண்டே, மகனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா. அவன் கடைசியாகப் போன் எடுத்தது, என்ன கேட்டான், அவ என்ன சொன்னா, போன் இடையில் அறுந்தது. எல்லாவற்றையும் றமீஸுக்குச் சொன்னா. அவன் தரையில் சப்பாணி கட்டி இருந்து கேட்டான். நான் என் சொந்த வீட்டில் தூணோடு நின்றேன். இரண்டு வருசம் என் வீட்டில் சோறு தின்றவ எனக்குச் சொல்லாததை, வந்து கால் மணித்தியாலம் ஆகாதவனுக்குச் சொன்னா. பொறாமைக்கு நேரம் காலம் தெரியாது. அன்றைக்கும் அது என்னோடு தூணடியில் நின்றது.

போகும்போது றமீஸ் டப்பியைத் திறந்து பார்த்தான். முக்கால்வாசி போயிருந்தது. "தண்ணி விட்டிரிக்கீங்க" என்றான். காய்ந்துவிடும் என்று விட்டேன் என்றேன். தலையாட்டினான். அடுத்த நாள் ஏறாவூர்ச் சந்தையில் புதுச் சுண்ணாம்பு வாங்கிப் பழசோடு சேர்த்துக் குழைத்துக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு அதில் எது ஸரீனாவுடையது, எது சந்தையில் வாங்கியது என்று அவனாலும் பிரிக்க முடியாது. ஆனாலும் காலையில் தந்தான், பின்னேரம் வாங்கினான்.

நான் ஓய்வு பெற்ற அன்று சுவர்க்கடிகாரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு டப்பியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"இனி ஆருட்டக் குடுக்கிற அண்ணே?"

"மேசையில வைச்சிட்டுப் போ."

"மேசை பாத்துக்கொண்டு இரிக்காது அண்ணே" என்றான்.

கடிகாரத்தை மற்றக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன். கதிரை போனபோது வந்த பொறாமை அப்படியே திரும்பி வந்தது. இந்த முறை றமீஸ் மேல் இல்லை. நாளைக்காலை அந்த விறாந்தையில் அவன் முன்னால் கையை நீட்டப் போகிற, முகம் தெரியாத யாரோ ஒருவர் மேல்.

இனித் தர்ஷினி சொன்னதைச் சொல்கிறேன். இப்போது உப்புநீர் எல்லாம் கலக்கி அடைத்த போத்தலில் வருகிறதாம், கிண்ணமும் ஒருமுறை பாவித்து எறிகிற கிண்ணமாம், கையுறை பெட்டி பெட்டியாக இருக்கிறதாம். அதைக் கேட்க எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள்: "றமீஸ் நானா காலையில ஒரு சுண்ணாம்பு டப்பி தருவார் ஐயா, பின்னேரம் வாங்குவார். நான்தான் வைச்சிருக்கிற. காயாம இருக்க ஒரு சொட்டுத் தண்ணியும் விடுவன்."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். நான் போன அடுத்த வருசம் வேலைக்கு வந்ததிலிருந்தாம். அப்படியென்றால் நான் வைத்திருந்ததிலும் கூடின காலம். ஒரு சொட்டா இரண்டு சொட்டா என்று கேட்டேன். சில நாள் இரண்டு என்றாள். இரண்டு கூடாது, இளகிப்போகும் என்று சொல்லி அனுப்பினேன்.

மலருக்கு எழுதுகிறவர்கள் முடிவில் வாழ்த்துவார்கள். றமீஸ், நீ நல்லாயிரு. ஏறாவூரிலிருந்து செங்கலடிக்குச் சைக்கிளில் வரத் தூரமில்லை. வெற்றிலைத் தட்டில் பழைய இடம் அப்படியே இருக்கிறது. கடைசி நாள் பின்னேரம் அந்தப் பிள்ளையிடம் டப்பியை மறக்காமல் வாங்கிக்கொண்டு வா.